ஆகஸ்டில் கிரேக்கத் தீவுகள்: எந்தக் கப்பல், எந்தத் துறை, எத்தனை நாள் கையிருப்பு?

#1 வழித்துணை

வணக்கம். ஆகஸ்ட் 9 காலை 6 மணிக்கு ஏதென்ஸில் இறங்குகிறோம். நான், மனைவி, 4 வயதுப் பையன், எழுபது தாண்டிய அப்பா அம்மா. போட்டு வைத்திருக்கும் திட்டம் இது: 9ஆம் தேதியே நேராக மிக்கோனோஸ், 2 இரவு. பிறகு சாண்டோரினி 2 இரவு. அங்கிருந்து கப்பலில் ஸாகிந்தோஸ் போய், உடைந்த கப்பல் கிடக்கிற அந்தக் கடற்கரை, 1 இரவு. அப்புறம் கிரீட்டில் இராக்லியோன் 2 இரவு. 16 ராத்திரி கப்பல் பிடித்தால் 17 காலை 6.30க்கு ஏதென்ஸின் துறைமுகமான பிரேயுஸ், 11.20க்கு ஊருக்கு விமானம். நேரம் மிச்சமாகட்டும் என்று முடிந்தவரை அதிவேகப் படகாகவே பார்த்திருக்கிறேன். இன்னும் பணம் கட்டவில்லை. ஓட்டை எங்கே என்று சொல்லுங்கள்.

#2 நங்கூரம்

பணம் கட்டாதது நல்லதாய்ப் போயிற்று.

முதலில் ஸாகிந்தோஸை எடுத்துவிடுங்கள். மற்ற மூன்றும் ஏகியன் கடலில் இருக்கின்றன, இது மட்டும் கிரீஸுக்கு மேற்கே இயோனியன் கடலில். நடுவில் பெலோபொனீஸ் நிலப்பரப்பு முழுசாகக் கிடக்கிறது. சாண்டோரினியிலிருந்து அங்கே கப்பல் கிடையாது. போயே தீரவேண்டும் என்றால் பிரேயுஸுக்குத் திரும்பி, பஸ்ஸில் கில்லினி துறைமுகம் போய், அங்கிருந்து ஒன்றேகால் மணி நேரம் கப்பல். ஒரு இரவு தங்க இரண்டு பகல் செலவு. நீங்கள் நினைக்கிற நவாகியோ கடற்கரையிலும் 2022இல் மலை சரிந்ததற்குப் பிறகு ஆளை இறங்க விடுவதில்லை.

அடுத்தது, வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளி என்றால் கப்பல் இருக்கும் என்று நினைக்காதீர்கள். மிக்கோனோஸ், சாண்டோரினி எல்லாம் அடங்கிய சிக்லடீஸ் தீவுக் கூட்டத்தில் கப்பல்கள் ஏதென்ஸிலிருந்து கொடி மாதிரி நீள்கின்றன, வலை மாதிரி பின்னவில்லை. மேற்குக் கொடியில் கித்னோஸ், செரிஃபோஸ், சிஃப்னோஸ், மிலோஸ். நடுக்கொடியில் பாரோஸ், நாக்ஸோஸ், இயோஸ், சாண்டோரினி. வடக்குக் கொடியில் ஆண்ட்ரோஸ், தினோஸ், மிக்கோனோஸ். ஒரே கொடியில் முன்னும் பின்னும் போவது சுலபம். கொடி தாவினால் பெரும்பாலும் கோடைகால அதிவேகப் படகுதான் கதி. உங்கள் திட்டத்தில் மிக்கோனோஸ்–சாண்டோரினி, சாண்டோரினி–இராக்லியோன் இரண்டுமே அப்படித் தாவல்கள். ஆகஸ்டில் காற்றடித்தால் முதலில் நிற்பவை அவைதான்.

மூன்றாவது, கப்பல் வந்து சேரும் நாளிலேயே சர்வதேச விமானம். காற்று இல்லாத நாளில் 6.30 என்றால் 6.30தான். ஆனால் முந்தைய நாள் மாலை கப்பலே புறப்படாவிட்டால்? கடைசித் தீவுக்கும் விமானத்துக்கும் நடுவே ஒரு இரவு ஏதென்ஸில் இருக்கட்டும். ஆகஸ்டில் நான் இரண்டு என்பேன்.

#3 வாடை

நங்கூரம் சொன்ன காற்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக.

பெயர் மெல்தெமி. வடக்கிலிருந்து வருவதால் நம் கணக்கில் வாடைக்காற்றுதான். ஆனால் நம்மூர் வாடை மாதிரி மார்கழியில் மழையும் குளிருமாக வராது. பால்கன் பக்கம் காற்றழுத்தம் ஏறி, துருக்கி நிலப்பரப்பு வெயிலில் காய்ந்து அழுத்தம் இறங்க, இரண்டுக்கும் நடுவே ஏகியன் ஒரு புனல் ஆகிவிடும். ஜூலை, ஆகஸ்ட் உச்சம். வானம் பளிச்சென்று நீலமாக இருக்கும், ஒரு மேகம் இருக்காது, கடல் மட்டும் வெள்ளை வெள்ளையாய்க் கொதிக்கும். ‘வெயில் அடிக்கிறதே, கப்பலை ஏன் நிறுத்தினார்கள்?’ என்று துறைமுகத்தில் சண்டை போடுகிறவர்களுக்கு இது புரிவதில்லை. பொதுவாகப் பகல் ஏற ஏற வலுக்கும், ராத்திரி சற்றுத் தணியும். ஒரு முறை பிடித்தால் மூன்று நாள், சில சமயம் ஒரு வாரம்.

கப்பலை நிறுத்துவது கம்பெனி இல்லை, கடலோரக் காவல்படை. அந்தத் தடைக்கு கிரேக்கத்தில் ‘அபகோரெஃப்திகோ’ என்று பெயர். துறைமுகத்தில் இந்தச் சொல் காதில் விழுந்தால் போர்டைப் பாருங்கள். அளவுகோல் போஃபோர்ட் எண், காற்றின் வேகத்தைச் சொல்வது. 6 என்றால் 22–27 நாட் (மணிக்கு இத்தனை கடல்மைல்), 7 என்றால் 28–33, 8 என்றால் 34–40. நீருக்கடியில் உள்ள இறக்கையால் எழும்பி ஓடும் ஹைட்ரோஃபாயில் போன்ற சின்னவையும் அதிவேகப் படகுகளும் 6, 7இலேயே நிற்கத் தொடங்கும். பெரிய இரும்புக் கப்பல்கள் 8 வரை தாக்குப்பிடிக்கும், 9 என்றால் அவையும் கட்டிப்போடப்படும். கடல் பகுதியையும் அலை உயரத்தையும் பொறுத்து இது மாறும், ஆனால் திட்டம் போட இந்தக் கணக்கு போதும்.

தடை நீங்கிய அன்றைக்கும் எல்லாம் சரியாகிவிடாது. நின்றுபோன கப்பல்களின் ஆட்கள் எல்லாரும் அடுத்த கப்பலில் இடம் தேடுவார்கள். ஆகஸ்ட் நடுவில் அந்த அடுத்த கப்பல் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். ஒரு நாள் காற்று இரண்டு நாள் தாமதம் ஆவது இப்படித்தான்.

#4 ஓட்டமே ஓட்டம்

வாடை பயமுறுத்துகிறார். ஆகஸ்டிலும் பெரும்பாலான நாட்கள் அதிவேகப் படகுகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பிரேயுஸ்–சாண்டோரினி சாதாரணக் கப்பலில் ஏழரை, எட்டு மணி நேரம். கேட்டமரான் என்கிற இரட்டை உடல் அதிவேகப் படகில் ஐந்து. நாலு வயதுக் குழந்தையையும் எழுபது வயது அம்மாவையும் எட்டு மணி நேரம் உட்கார வைப்பது நியாயமா? டிக்கெட் ஏறத்தாழ இரட்டிப்பு விலைதான், மூன்று மணி நேரம் மிச்சமாகிறதே.

#5 நங்கூரம்

உட்கார வைத்தால்தானே ஓட்டமே? சாதாரணக் கப்பலில் யாரும் உட்கார வேண்டியதில்லை. ப்ளூ ஸ்டார் டெலோஸ் மாதிரி ஒரு கப்பல் 145 மீட்டர் நீளம், 2,400 பேர் ஏறலாம். திறந்த மேல்தளம் உண்டு, சாப்பாட்டுக் கடை உண்டு, லிஃப்ட் உண்டு. குழந்தை ஓடும், அப்பா தளத்தில் நடப்பார், அம்மா சோபாவில் சாய்ந்துகொள்வார். கேட்டமரானில் உங்களுக்கென்று எண் போட்ட நாற்காலி, மூடின கண்ணாடி. பெரும்பாலானவற்றில் வெளியே போய்க் காற்று வாங்க இடமில்லை. விமானத்தில் ஐந்து மணி நேரம் மாதிரி, ஆனால் விமானம் ஆடுவதைவிட இது அதிகம் ஆடும்.

ஆடுவதற்குக் காரணமும் உண்டு. ஏகியனில் தீவுகள் நெருக்கமாக இருப்பதால் அலை நீண்டு வளர இடம் கிடைக்காது. குட்டையாக, செங்குத்தாக, அடுத்தடுத்து வரும். கனமான நீளக் கப்பல் இரண்டு மூன்று அலைகளின் மேல் ஒரே சமயத்தில் படுத்துக்கொண்டு போய்விடும். பக்கவாட்டில் ஆட்டம் குறைக்கத் துடுப்பு மாதிரி நிலைப்படுத்திகளும் அதற்கு உண்டு. இலேசான அலுமினியப் படகு ஒவ்வொரு அலைக்கும் பதில் சொல்லும். காற்று 5 என்றால் ஓட்டமே சொல்வது சரி, அதிவேகம் சுகம்தான். ஆனால் டிக்கெட் வாங்குவது மே மாதத்தில். ஆகஸ்ட் காற்று அப்போது யாருக்கும் தெரியாது.

#6 ஓட்டமே ஓட்டம்

சரி, வயதானவர்கள் விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். எஜீனா, ஹைட்ரா மாதிரி கிட்டத் தீவுகளுக்கு மட்டும் அதிவேகத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

#7 நங்கூரம்

ஹைட்ராவுக்கு விட்டுக்கொடுக்கவும் முடியாது. பிரேயுஸிலிருந்து கார் ஏற்றும் பெரிய கப்பல் அங்கே போவதில்லை. கார் தடை செய்த தீவு அது.

#8 வழித்துணை

மாற்றிவிட்டேன். மிக்கோனோஸ், ஸாகிந்தோஸ், கிரீட் மூன்றும் போச்சு. வீட்டில் திட்டு விழுந்தது, பரவாயில்லை. புதிது: 9 இரவு பிரேயுஸ். 10 காலைக் கப்பலில் நாக்ஸோஸ், 3 இரவு. 13 அதே கொடியில் சாண்டோரினி, 2 இரவு. 15 மாலைக் கப்பலில் பிரேயுஸ். 15, 16 இரவு ஏதென்ஸ். 17 விமானம். எல்லாம் பெரிய கப்பல். சரியா? கிரீட்டை விடத்தான் மனசில்லை.

#9 வாடை

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிரீட் ஒரு தனிப் பயணம், அதை இரண்டு நாளில் அடைப்பது தீவுக்கு அவமானம். அதற்கென்று ஒரு வாரம் எடுத்து, பிரேயுஸில் இரவு 9 மணி வாக்கில் ஏறிக் கேபினில் தூங்கினால் விடியும்போது இராக்லியோன். ஹோட்டல் செலவும் ஒரு இரவு குறையும்.

ஒன்று கவனிக்க வேண்டும், ஆகஸ்ட் 15. மாதாவின் திருநாள், நாடே விடுமுறை. ஏதென்ஸ்காரர்கள் பாதிப்பேர் அதற்கு முந்தைய வாரம் தீவுகளுக்குக் கிளம்புவார்கள். உங்கள் 10ஆம் தேதிக் கப்பல் அந்தக் கூட்டத்தோடு போகிறது, அதை முதலில் வாங்குங்கள். திரும்பும் கூட்டம் 16க்குப் பிறகுதான் என்பதால் 15 மாலை உங்களுக்குச் சாதகம். தினோஸ் பக்கம் மட்டும் அந்த நாட்களில் தலை வைக்க வேண்டாம். அங்குள்ள மாதா கோயிலுக்கு நாடு முழுக்கப் பக்தர்கள் வருவார்கள், துறைமுகத்திலிருந்து கோயில் வரை முட்டிக்கால் போட்டு ஏறுகிறவர்களும் உண்டு. பார்க்க வேண்டிய காட்சிதான், ஆனால் டிக்கெட்டும் அறையும் பல மாதம் முன்பே போய்விடும்.

#10 துறைமுகத்தான்

பிரேயுஸில் தங்குவது நல்ல முடிவு. காரணம் எளிது. விமான நிலையத்திலிருந்து மெட்ரோ மூன்றாம் பாதை 2022 அக்டோபரிலிருந்து நேராகப் பிரேயுஸ் வரை வருகிறது, ஒரு மணி நேரம். ஆனால் முதல் ரயில் காலை 6 மணிக்குப் பிறகுதான், தீவுக் கப்பல்களோ ஏழு, ஏழரைக்கே கிளம்பிவிடும். ரயில் இல்லாத நேரத்துக்கு எக்ஸ்96 பஸ் இருக்கிறது, இருபத்துநாலு மணி நேரமும் ஓடும்.

பிரேயுஸ் ஒரே துறைமுகம் என்று நினைத்து இறங்குகிறவர்கள்தான் கப்பலை விடுகிறார்கள். குதிரை லாடம் மாதிரி வளைந்த பெரிய தொட்டி அது. சுற்றி இ1இலிருந்து இ12 வரை கேட்கள். மெட்ரோவை விட்டு வெளியே வந்து சாலையைத் தாண்டினால் இ6, இ7. சிக்லடீஸ் கப்பல்கள் பெரும்பாலும் அங்கேதான், நாக்ஸோஸுக்கும் அங்கேயே பாருங்கள். எஜீனா, ஹைட்ரா பக்கம் போகிற படகுகள் இ8, கிட்டே நடந்துவிடலாம். கிரீட் கப்பல்கள் இ2, இ3 பக்கம். ரோட்ஸ், கோஸ் போகிற டொடிகனீஸ் கப்பல்கள் இ1, அது தொட்டியின் அடுத்த முனை. மூட்டை முடிச்சோடு நடந்தால் அரை மணி நேரம். உள்ளே இலவச பஸ் ஒன்று சுற்றும், ஆனால் கப்பல் நேரத்தில் அது நிரம்பி வழியும். கேட் எண் டிக்கெட்டில் இருந்தாலும் முந்தைய நாள் வரும் எஸ்எம்எஸ்ஸை நம்புங்கள், டிக்கெட்டை அல்ல. டிக்கெட் எடுக்கும்போது அங்கே எடுக்கிற மொபைல் எண்ணைக் கொடுங்கள். ரோமிங் இல்லாத இந்திய எண்ணைக் கொடுத்துவிட்டு செய்தி வரவில்லை என்று காத்திருந்து பயனில்லை.

நடந்து ஏறுகிறவர்கள் முக்கால் மணி நேரம் முன்பு கேட்டில் இருந்தால் போதும். கார் என்றால் ஒன்றரை மணி.

#11 வழித்துணை

சாண்டோரினியைத் தேடினால் டிக்கெட் தளத்தில் சில இடங்களில் ‘தீரா’ என்று வருகிறதே, வேறு தீவா?

#12 துறைமுகத்தான்

ஒன்றேதான். தீராதான் அரசாங்கப் பெயர். கப்பலின் கார் டெக்கில் லக்கேஜ் தட்டுகளின் மேல் தீவுப் பெயர் எழுதியிருக்கும், சிலவற்றில் கிரேக்கத்தில் மட்டும். ஒரு வட்டத்தின் வயிற்றில் சின்னக் கோடு கிழித்த எழுத்தில் தொடங்கினால் தீரா. பந்தல்கால் இரண்டு நட்டு மேலே கழி போட்ட மாதிரி எழுத்தென்றால் பாரோஸ். ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று படுக்கைக் கோடு நடுவில் இருந்தால் நாக்ஸோஸ். பெட்டியைத் தப்பான தட்டில் வைத்தால் யாரும் திருடப்போவதில்லை, ஆனால் உங்களுக்கு முந்தைய தீவில் அவசரத்தில் யாரோ சேர்த்து இறக்கிவிடலாம். கறுப்பு டிராலிக்கு ஒரு சிவப்பு நாடா கட்டுங்கள். பாஸ்போர்ட், மருந்து, பையனின் மாற்று உடுப்பு மூன்றும் கையோடு மேலே வரட்டும். ஓடும்போது கார் டெக்கைப் பூட்டிவிடுவார்கள்.

இதே பெயர்க் குழப்பம் வேறு இடங்களிலும் உண்டு. கோர்ஃபு அங்கே கெர்கிரா. லெஸ்போஸ் கப்பலில் மிதிலினி என்று இருக்கும். கிரீட்டின் ஹானியாவுக்குப் போகிற கப்பல் சூடா துறையில் நிற்கும். ஒரே தீவில் இரண்டு துறை இருப்பது இன்னும் ஆபத்து. அமோர்கோஸில் கடாபோலாவும் எயியாலியும், இக்காரியாவில் ஆயியோஸ் கிரிகோஸும் எவ்திலோஸும். நடுவில் மலைப்பாதை, ராத்திரியில் டாக்ஸி கிடைப்பது அபூர்வம். அறை எந்தத் துறைப் பக்கம் என்று பார்த்துத்தான் கப்பல் எடுக்க வேண்டும்.

#13 மேல்தளம்

ஏறுவதும் இறங்குவதும் எப்படி என்று யாரும் சொல்லவில்லை, வயதானவர்களுக்கு அதுதான் முக்கியம்.

கப்பல் தீவை நெருங்கும்போது முன்பக்கமாக வராது. துறைக்கு வெளியே சுழன்று, நங்கூரத்தைப் போட்டு, சங்கிலி தடதடவென்று இறங்க இறங்க, பின்பக்கத்தால் கரைக்கு வரும். கரையைத் தொடுவதற்கு முன்பே பின்கதவு பாதி இறங்கியிருக்கும். தொட்டதும் கயிறு கட்டி, விசில், கத்தல். ஒரு பக்கம் லாரியும் பைக்கும் உறுமிக்கொண்டு வெளியே வரும், மறு பக்கம் ஆட்கள். பாரோஸ், நாக்ஸோஸில் இது எல்லாம் பத்து நிமிடக் கூத்து.

இறங்குவதற்கு கால் மணி முன்பு கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் அறிவிப்பு வரும். அப்போதே எழுந்துவிடுங்கள். முட்டி வலி இருந்தால் எஸ்கலேட்டர் கூட்டத்தில் நிற்காமல் ரிசப்ஷனில் லிஃப்ட் கேட்டால் திறந்துவிடுவார்கள். கார் டெக்கில் நிற்கும்போது டீசல் புகையும் இரைச்சலும் மூடின இடத்தில் அடிக்கும், குழந்தையைத் தோளில் தூக்கிக்கொள்ளுங்கள். தரை எண்ணெயும் ஈரமுமாக இருக்கும், செருப்பை விட ஷூ. ராம்ப்பின் ஓரத்தில் கரைக்கும் இரும்புக்கும் நடுவே ஒரு விளிம்பு அலைக்கு ஏற்ப ஏறி இறங்கும். டிராலியை உருட்டாமல் தூக்கி வைக்க வேண்டிய இடம் அது ஒன்றுதான். கதவு தூக்கத் தொடங்கிவிட்டால் எந்தக் காரணத்துக்காகவும் ஓடி ஏற முயலாதீர்கள்.

சாண்டோரினியில் நீங்கள் இறங்குவது அதினியோஸ் என்ற துறை, செங்குத்துப் பாறையின் அடியில் ஒரு ஒடுங்கிய இடம். கேபிள் காரும் 580 சொச்சம் படிகளும் இருப்பது பழைய துறையில், அது சுற்றுலாக் கப்பல் பயணிகளுக்கு. அதினியோஸிலிருந்து மேலே தீவின் தலைநகர் ஃபிராவுக்கு பஸ் கப்பலுக்கு ஏற்றாற்போல் நிற்கும். மலை வளைவில் நெரிசல் பிடித்தால் இருபது நிமிடப் பாதை ஒரு மணி ஆகும். ஐந்து பேருக்கு முன்பதிவு செய்த வேன் காசுக்குத் தகும். திரும்பும் நாளில் ஒன்றரை மணி முன்பே ஃபிராவிலிருந்து கிளம்புங்கள்.

#14 வழித்துணை

எந்த வகுப்பு வாங்க? டெக், நம்பர் சீட், பிசினஸ், கேபின் என்று இருக்கிறது. டெக்குக்கும் நம்பர் சீட்டுக்கும் சில யூரோதான் வித்தியாசம்.

#15 மேல்தளம்

டெக் டிக்கெட் என்றால் வெயிலில் நிற்பது என்று அர்த்தமில்லை, உள்ளே லவுஞ்சிலும் உட்காரலாம். ஆனால் முதலில் வந்தவருக்கு இடம். ஆகஸ்ட் 10 காலைக் கப்பலில் ஐந்து பேருக்குச் சேர்ந்தாற்போல் இடம் கிடைக்காது. விமான மாதிரி எண்ணிட்ட நாற்காலி வாங்குங்கள். அந்தச் சில யூரோவுக்கு இதைவிட நல்ல செலவு இல்லை. கேபின் இரவுப் பயணத்துக்கு மட்டும். பையன் ஐந்து வயதுக்குக் கீழ் என்பதால் பெரும்பாலான கம்பெனிகளில் கட்டணமில்லை. ஆனால் பூஜ்ய விலை டிக்கெட் ஒன்று அவன் பெயரில் கட்டாயம் இருக்க வேண்டும், பயணிகள் பட்டியலில் எல்லாத் தலையும் எண்ணப்படும். உள்ளூர்ப் பயணம்தான், குடியேற்றச் சோதனை கிடையாது, ஆனாலும் பாஸ்போர்ட் கேட்டால் காட்ட வேண்டும்.

நம்மூர்ப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். டிக்கெட் தளம் அதைக் காலியாக விடாது. பெயரையே இரண்டு கட்டத்திலும் போடுங்கள். இனிஷியலை மட்டும் போட்டால் சில தளங்கள் ஓரெழுத்தை ஏற்காது.

#16 வாடை

மருந்தைப் பற்றியும் இப்போதே. பயணக் குமட்டலுக்கு அவோமின் மாத்திரை வாங்கி வைத்திருப்பீர்கள். ஏறின பிறகு, குமட்டல் வந்த பிறகு போட்டால் வயிற்றில் தங்காது. ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு போட வேண்டும். தூக்கம் வரும், வாய் உலரும். புரோஸ்டேட், கண் அழுத்தம், வேறு தூக்க மாத்திரை இருக்கிற பெரியவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது, குழந்தைக்கு அளவும் அவரே சொல்ல வேண்டும். இடம் என்று பார்த்தால் கப்பலின் நடு நீளம், கீழ்த் தளம். முன்பக்கக் கண்ணாடி காட்சிக்கு நல்லது, வயிற்றுக்குக் கெட்டது. வடக்குக் காற்று என்பதால் போகும்போது அலை பின்னாலிருந்து தள்ளும், இதமாக இருக்கும். திரும்பும்போது அதையே முகத்தில் வாங்கிக்கொண்டு வரும். போகும்போது சும்மா இருந்ததே என்று 15ஆம் தேதி மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

#17 தீவான்

கார் கொண்டு போற எண்ணம் இருக்கிற ஆக்களுக்கு ஒரு குறிப்பு, இஞ்ச ஜெர்மனி, சுவிஸ் பக்கம் இருந்து வாசிக்கிற சனமும் இருக்கு.

சொந்தக் காரெண்டால் இத்தாலியில பாரி, பிரிந்திசி, அங்கோனா துறையளில இருந்து கிரீஸில இகூமெனித்சாவுக்கும் பத்ராவுக்கும் கப்பல் இருக்கு. பாரியில ராத்திரி ஏறினா விடிய இகூமெனித்சா. அங்கோனாவில இருந்தெண்டால் பதினாறு, பதினேழு மணித்தியாலம். வாடகைக் காரெண்டால் முதல்ல கம்பெனியிட்ட எழுத்தில அனுமதி எடுக்கோணும். கன ஒப்பந்தங்களில கப்பல்ல ஏத்தினா காப்புறுதி செல்லாது எண்டு இருக்கும். தீவிலயே இறங்கி வாடகைக்கு எடுக்கிறதுதான் சுகம், காசும் குறைவு.

ஏத்தேக்க சாரதி மட்டும்தான் காருக்குள்ள. மற்ற ஆக்கள் நடந்து ஏறோணும், பிள்ளையளும் அப்பிடித்தான். கன கப்பல்ல பின்கதவு மட்டும்தான் எண்டபடியா, காரைப் பின்பக்கமா, லொறியளுக்கு நடுவில ஏத்தச் சொல்லுவினம். கை காட்டுற கப்பல் ஆள் ‘எலா, எலா’ எண்டு கத்துறது ‘வா, வா’ எண்டு அர்த்தம், ஏச்சு இல்லை. கண்ணாடியைப் பாக்காமல் அவரின்ர கையைப் பாத்து ஸ்டியரிங்கைத் திருப்புங்கோ. நிப்பாட்டினவுடன ஹான்ட்பிரேக், கியரில விட்டு, பக்கக் கண்ணாடியை மடிச்சு, அலாரத்தை நிப்பாட்டோணும். இல்லாட்டி அலை ஆட்டத்தில முழு ராத்திரியும் அடிச்சுக்கொண்டு இருக்கும். எந்தப் படி, எந்த நிறக் கதவெண்டு ஃபோட்டோ எடுத்து வையுங்கோ. காஸில ஓடுற காரெண்டால் டிக்கெட் எடுக்கேக்கயே சொல்லோணும்.

#18 வழித்துணை

கேன்சல் ஆனால் பணம் வருமா? ஹோட்டல் யார் தருவார்கள்?

#19 நங்கூரம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 விதி. கப்பல் ரத்தானாலும், புறப்பாடு 90 நிமிடத்துக்கு மேல் தாமதமானாலும், தேர்வு உங்களுடையது. அடுத்த கப்பலில் கூடுதல் கட்டணமில்லாமல் போகலாம், அல்லது டிக்கெட் பணம் 7 நாளுக்குள் திரும்பும். காற்றினால் என்றாலும் இது உண்டு. காத்திருக்கும் நேரத்துக்குச் சிற்றுண்டியோ சாப்பாடோ தர வேண்டும், அதுவும் உண்டு, கிடைக்கக்கூடிய அளவில்.

ஹோட்டல்தான் சிக்கல். கப்பல் பழுது போன்ற காரணம் என்றால் கம்பெனி தங்க இடம் தர வேண்டும், ஆளுக்கு ஒரு இரவுக்கு 80 யூரோ, மூன்று இரவு வரை என்பது அவர்கள் வரம்பு. காற்றினால் என்றால் அது கிடையாது, உங்கள் பையிலிருந்துதான். பயணக் காப்பீடு வாங்கும்போது வானிலையால் கப்பல் நின்றால் தங்கும் செலவு உண்டா என்று அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

தாமதமாகப் போய்ச் சேர்ந்ததற்கு இழப்பீடு தனி. 4 மணி நேரம் வரை உள்ள பயணத்தில் 1 மணி தாமதத்துக்கும், 4 முதல் 8 மணி நேரப் பயணத்தில் 2 மணி தாமதத்துக்கும் டிக்கெட்டில் 25 விழுக்காடு. தாமதம் அதன் இரண்டு மடங்கைத் தாண்டினால் 50. இதற்கும் வானிலை விதிவிலக்கு. புகாரை இரண்டு மாதத்துக்குள் கம்பெனிக்கு எழுதிவிட வேண்டும்.

ஒரே தளத்தில், ஒரே பட்டனில் இரண்டு கப்பல் வாங்கினாலும், கம்பெனி வேறு என்றால் அவை இரண்டு தனி ஒப்பந்தம். முதல் கப்பல் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் இரண்டாம் கம்பெனிக்கு உங்களைத் தெரியாது. மாற்றுக் கப்பல் பிடிக்கிற இடத்தில் மூன்று மணி நேரமாவது விடுங்கள், அந்த நாளின் கடைசிக் கப்பலை நம்பி மாறாதீர்கள்.

காற்று மட்டுமில்லை, மாலுமிகள் சங்கத்தின் வேலைநிறுத்தமும் உண்டு. 24 மணி நேரம், நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை, எல்லாக் கப்பலும் கட்டியிருக்கும். சில நாள் முன்பே செய்தியில் வந்துவிடும், மே 1 மாதிரி சில நாட்களில் எதிர்பார்க்கவே செய்யலாம்.

#20 துறைமுகத்தான்

கடைசியாக ஒரு உத்தி. 15ஆம் தேதி சாண்டோரினியில் பிற்பகல் மூன்றரை வாக்கில் நீங்கள் ஏறப்போவது, பெரும்பாலும் அன்று காலை ஏழரைக்குப் பிரேயுஸை விட்ட அதே கப்பல்தான். டிக்கெட்டில் கப்பல் பெயர் இருக்கும். கப்பல் எங்கே ஓடுகிறது என்று காட்டும் மரைன்டிராஃபிக் தளத்தில் அந்தப் பெயரைப் போட்டுப் பகல் பன்னிரண்டு மணிக்குப் பாருங்கள். பாரோஸை இன்னும் தொடவில்லை என்றால் சாண்டோரினிக்கும் தாமதமாகத்தான் வரும். ஒவ்வொரு துறையிலும் ஐந்து பத்து நிமிடம் கூடிக்கொண்டே போகுமே தவிரக் குறையாது. ஆனால் அதை நம்பி நீங்கள் தாமதமாகக் கிளம்பாதீர்கள். வெயிலில் நிற்காமல் மேலே ஃபிராவில் சாப்பிட்டுவிட்டு வரலாமா, கீழே கொட்டகையில் காத்திருக்கலாமா என்று முடிவு செய்ய மட்டும் போதும்.

#21 வழித்துணை

எல்லாருக்கும் நன்றி. 10ஆம் தேதிக்கு எண்ணிட்ட நாற்காலி நாலும் பையனுக்குப் பூஜ்ய டிக்கெட்டும் எடுத்தாயிற்று. ஒரு சந்தேகம் மட்டும்: கப்பல் பிரேயுஸுக்கு ராத்திரி பதினொன்றரைக்கு வருகிறதே, அப்போது மெட்ரோ இருக்குமா?

#22 துறைமுகத்தான்

நேரத்துக்கு வந்தால் ஓடிப் பிடிக்கலாம், தாமதமானால் போச்சு. பெரியவர்களை வைத்துக்கொண்டு ஓட வேண்டாம். 15 இரவையும் பிரேயுஸிலேயே போடுங்கள், 9ஆம் தேதி தங்கின அதே இடத்தில். பெரிய பெட்டி இரண்டை 10ஆம் தேதி அங்கேயே விட்டுப் போக முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.